வசனம் இல்லாத வேடம்: எஸ். ஹரீஷுக்கும் ‘மீசை’க்கும் நடந்தது

கேரளத்தின் குட்டநாட்டில் ஒரு நாடகம் போடுகிறார்கள். அதில் ஒரு போலீஸ்காரன் வேடம் இருக்கிறது. மொத்தம் இரண்டே காட்சி, பேச ஒரு வசனம்கூடக் கிடையாது. பார்த்தவுடன் வயிற்றைக் கலக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பெரிய மீசை வேண்டும். மலபார் பக்கத்திலிருந்து வந்த நாடகக்காரர் எழுத்தச்சனின் கண்ணில் வாவச்சன் படுகிறான். புலையர் சாதி, கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம். மதம் மாறியதால் வயல் வேலையோ, தம்புரானைக் கண்டால் ஒதுங்கி நிற்பதோ மாறிவிடவில்லை. அவன் சாதிக்காரர்கள் மீசை வைக்கக் கூடாது என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். நாடகத்துக்காக என்பதால் அவனுக்கு மட்டும் விலக்கு.

மேடையில் வாவச்சன் வந்து நிற்கிறான். எதுவும் பேசவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மேல்சாதிக் கூட்டம் நடுங்கிப்போகிறது. இது நாடகம், அவன் நம் வயலில் சேறு மிதிக்கிற வாவச்சன், ஒட்டுமொத்த ஊருக்கும் தெரிந்த ஆள். இத்தனையும் தெரிந்தும் நடுங்குகிறார்கள். நாடகம் முடிகிறது. வேடத்தைக் கலைக்கச் சொன்னால் அவன் மீசையை மட்டும் எடுக்க மறுத்துவிடுகிறான். அப்புறம் அந்த மீசையைப் பற்றிக் கதைகள் கிளம்புகின்றன. அதில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஒரே நேரத்தில் நாலு இடத்தில் அவனைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். மழைமேகம் மாதிரி வானத்தில் அது படர்ந்திருந்தது என்கிறார்கள். வாவச்சன் என்ற பெயரே போய், அவன் ‘மீசை’ ஆகிவிடுகிறான்.

எஸ். ஹரீஷின் ‘மீசை’ என்ற மலையாள நாவல் இப்படித்தான் கிளம்புகிறது. இதை இங்கே இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2018 ஜூலையில் அந்த நாவலுக்கும் அதை எழுதியவருக்கும் நடந்தது, எனக்கு அந்த நாடக மேடையில் நடந்த அதே காரியமாகத்தான் தெரிகிறது. வேடத்தை வேடமாகப் பார்க்கத் தெரியாத ஒரு கூட்டம். அங்கே பயம், இங்கே கோபம்.

நீண்டூர்க்காரர்

ஹரீஷ் 1975-இல் பிறந்தவர். கோட்டயம் மாவட்டத்தில் ஏற்றுமானூருக்குப் பக்கத்தில் நீண்டூர் அவருடைய ஊர். வேலை வருவாய்த் துறையில். பட்டா, நில அளவு, வரி ரசீது என்று நாள் முழுக்க மண்ணைக் காகிதத்தில் பார்க்கும் உத்தியோகம். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குமா என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. ஒரு வயலின் சர்வே எண் எப்படி உடைந்தது, யார் பெயரிலிருந்து யார் பெயருக்குப் போனது என்று பார்த்துக்கொண்டே போனால் அந்த ஊரின் சாதி வரலாறு தன்னால் வந்து விழும். ‘மீசை’யில் யார் எந்த நிலத்தை எப்படி வளைத்தார்கள் என்று வருகிற இடங்களில் ஒரு குமாஸ்தாவின் கண் தெரிகிறது. தப்பாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

முதலில் அவர் சிறுகதைக்காரராகத்தான் பெயர் வாங்கினார். ‘ஆதம்’ தொகுப்புக்குக் கேரள சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ‘மாவோயிஸ்ட்’ என்ற கதை பின்னால் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘ஜல்லிக்கட்டு’ படமானது. திரைக்கதையில் ஹரீஷும் ஆர். ஜெயகுமாரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 2019-இல் வந்த படம். நம் ஊரில் தலைப்பைப் பார்த்துவிட்டு வாடிவாசலை எதிர்பார்த்துப் போன பேர் உண்டு. படத்தில் வருவது இறைச்சிக்கடையிலிருந்து தப்பிய ஓர் எருமை. அதைப் பிடிக்கக் கிளம்புகிற ஊர் ஆண்கள் கொஞ்சம் கொஞ்சமாக எருமையைவிடப் பெரிய மிருகமாகிறார்கள். கூட்டம் சேர்ந்தால் மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதில் ஹரீஷுக்கு எப்போதும் ஒரு கண்.

அவருடைய ஊர் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கே மேட்டு நிலமும் ரப்பரும். மேற்கே இறங்கினால் குமரகம், வேம்பநாட்டுக் காயல், குட்டநாடு. கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழேகூட நெல் விளைகிற பூமி. இந்த விவசாய முறையை உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஒன்று என்று 2013-இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு அறிவித்தது. படித்தால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வயல் எப்படி வந்தது? காயலுக்குள் மூங்கிலையும் தென்னையையும் நட்டு, முங்கிக் களிமண் எடுத்து வரம்பு கட்டி, உள்ளே இருக்கிற தண்ணீரைக் காலால் மிதிக்கிற சக்கரங்களால் ராப்பகலாக இறைத்து வெளியேற்றி எடுத்த நிலம் அது. பின்னால்தான் இயந்திரப் பம்பு வந்தது. வரம்பு உடைந்தால் ‘மட வீழ்ச்ச’ என்பார்கள். மட வீழாமல் இருக்கப் புலையனை உயிரோடு வரம்பில் வைத்து மூடிய கதைகள் அங்கே வாய்வழியாக இன்னும் உலவுகின்றன. நிலத்தை உண்டாக்கியவனுக்கு நிலம் கிடையாது. அதே நீண்டூரில் 1971-இல் விவசாயத் தொழிலாளர் போராட்டத்தில் உயிர்கள் போயிருக்கின்றன.

‘மீசை’யின் கதை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடக்கிறது. நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது வாவச்சன் கதைகூட இல்லை. தண்ணீரும் ஆமையும் மீனும் முதலையும் வருகிற பக்கங்கள்தான். குமரகத்தில் குடியேறிய பேக்கர் குடும்பத்து வெள்ளைக்காரர் காயலின் முதலைகளை வேட்டையாடித் தீர்க்கிறார். முதலை இல்லாமல் போவதை ஹரீஷ் ஒரு வம்சம் அழிவதைப் போல எழுதுகிறார். வேம்பநாட்டில் ஒரு காலத்தில் முதலை இருந்தது என்பதே அங்கே படகுவீட்டில் கரிமீன் பொள்ளிச்சது சாப்பிட்டுவிட்டு வருகிற நம் சுற்றுலாக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

வாவச்சனுக்கு ஒரே ஆசை, மலேயாவுக்குப் போக வேண்டும். எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. தோடு எனப்படும் சிறு கால்வாய்களும் வரப்பும் வளைந்து வளைந்து அவனைத் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவந்து விடுகின்றன. பஞ்சத்தில் மலேயாவுக்குக் கப்பல் ஏறிய தாத்தாக்களின் கதை நம் வீடுகளிலும் உண்டு என்பதால் இந்த ஆசை தமிழ் வாசகருக்குச் சட்டென்று புரியும்.

மூன்று அத்தியாயம்

மலையாளத்தில் வார இதழில் தொடராக வருவது இன்றும் நாவலுக்கு ஒரு பெரிய வாசல். தமிழில் தொடர்கதை என்றால் இறக்கமாகப் பார்ப்போம். அங்கே அப்படி இல்லை. தீவிர இலக்கியமே அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ‘மீசை’ மாத்ருபூமி வார இதழில் தொடங்கியது. ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் கமல்ராம் சஜீவ்.

மூன்று பகுதிகள் வந்திருந்தன. நாவலின் கதைசொல்லி இந்தக் காலத்து ஆள், தன் மகனுக்கு மீசையின் கதையைச் சொல்கிறவன். நடுவில் அவன் செத்துப்போன நண்பன் ஒருவனை நினைத்துக்கொள்கிறான். இருவரும் காலையில் நடக்கப் போவது வழக்கம். அப்படி நடக்கையில் அந்த நண்பன், பெண்கள் எதற்குக் குளித்து அலங்காரம் பண்ணிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள் தெரியுமா என்று கேட்டு, அதற்கு அவனே ஒரு கொச்சையான பதிலும் சொல்கிறான். மாதத்தில் நாலைந்து நாள் போகாததையும் அதோடு முடிச்சுப் போடுகிறான். பூசாரிகளையும் இழுக்கிறான். அவ்வளவுதான். கதைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. காலை நடையில், டீக்கடையில் ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்தால் என்ன பேசுவார்கள் என்பது தெரிந்த யாருக்கும் இது புதிதல்ல. மட்டமான பேச்சு. மட்டமான ஆள் பேசுகிறான்.

அந்தச் சில வரிகளை மட்டும் வெட்டி எடுத்த படம் கைபேசி கைபேசியாகப் போனது. வாட்ஸ்அப்பில் அது போன வடிவத்தில் பேசுகிறவன் யார் என்பதற்குத் தடயம் இல்லை. ஹரீஷ் சொல்கிறார் என்றே போனது. வசைகள், மிரட்டல்கள். அவரோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மனைவி, பிள்ளைகளின் படங்களை எடுத்துப் போட்டு ஆபாசமாக எழுதினார்கள். பெண்களை இழிவுபடுத்தியதற்காகக் கிளம்பிய போராட்டம் ஒரு பெண்ணை இப்படித்தான் நடத்தியது.

2018 ஜூலை 21-ஆம் தேதி ஹரீஷ் தொடரை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். சமூகம் இதை ஏற்கும் மனநிலைக்கு வரும்போது வெளியிடுகிறேன், வழக்கு என்று அலைந்து வாழ்க்கையைச் செலவழிக்க விருப்பமில்லை, நாட்டை ஆளுகிறவர்களோடு மோதும் பலம் தனக்கில்லை என்ற பொருளில் அவருடைய அறிக்கை இருந்தது. வீரவசனம் எதுவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. குடும்பத்தை நினைத்துப் பயப்படுகிறேன் என்று ஒரு எழுத்தாளன் சொல்வதில் என்ன கேவலம்? கேரளத்தில் 2010-இல் ஒரு வினாத்தாளுக்காகக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் கையையே வெட்டினார்கள். அப்போது வெட்டியவர்கள் வேறு மதத் தீவிரவாதிகள். 2017 டிசம்பரில் கவிஞர் பவித்ரன் தீக்குனி ‘பர்தா’ என்ற கவிதையைப் போட்ட வேகத்தில் திரும்ப எடுத்தார். ஆக, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மிரட்டல் என்பது வெறும் பேச்சோடு நிற்காது என்று அங்கே எழுதுகிற எல்லோருக்கும் தெரியும்.

ஏன் அந்த ஜூலை?

இதே வரிகள் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் இத்தனை பெரிதாகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்க வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018 ஜூலை 17-இல் விசாரிக்கத் தொடங்கியது. ஆகஸ்ட் 1 வரை விசாரணை நடந்தது. கோயில், பெண்கள், மாதவிலக்கு. கேரளத்து டீக்கடை, டிவி, குடும்ப வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் அப்போது பேச்சு அதுதான். அந்தச் சூட்டில், கோயிலுக்குப் போகிற பெண்களையும் மாதத்தில் அவர்கள் போகாத நாட்களையும் பற்றி ஒரு நாவல் பாத்திரம் உளறிய வரிகள் போய் விழுந்தன. ஹரீஷ் திட்டம் போட்டு அந்த வாரத்துக்கு எழுதியதில்லை. ஆனால் அந்த வாரத்தில் யாருக்கோ அது மிகவும் வசதியாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை. தலைப்பு மீசை. நாயகன் புலையன். அதற்கு முந்தைய வருடம், 2017 செப்டம்பரில், குஜராத்தில் காந்திநகர் பக்கத்து லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து தலித் பிள்ளைகள் மீசை முறுக்கிய படங்களை இணையத்தில் போட்டார்கள். திருவிதாங்கூரிலோ 1893-இல் புலையர் தலைவர் அய்யங்காளி தலைப்பாகையும் மீசையுமாக வில்வண்டி கட்டிப் பொதுச்சாலையில் போனபோதே அடிதடி நடந்திருக்கிறது. நாவலின் உண்மையான வெடிமருந்து வாவச்சனின் முகத்தில் இருந்தது. சண்டை போட்டதோ காலை நடைப் பேச்சுக்காக. எதிர்த்தவர்கள் வாவச்சன் வரைக்கும் படிக்கவில்லை என்பதுதான் இதில் இருக்கிற கசப்பான வேடிக்கை.

டி.சி. புக்ஸும் நீதிமன்றமும்

தொடர் நின்ற பத்தே நாளில் காரியம் திரும்பியது. முதலமைச்சர் பினராயி விஜயன் எழுதுவதை நிறுத்தாதீர்கள் என்றார். எழுத்தாளர்கள் கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஆதரவு தெரிவித்தார்கள். டி.சி. புக்ஸ் ஆகஸ்ட் 1-ஆம் தேதி முழு நாவலையும் புத்தகமாகக் கொண்டுவந்துவிட்டது. இதை இப்போது வெளியிடாவிட்டால் இனி மலையாளத்தில் நாவலே வெளியிட முடியாமல் போகும் என்பது பதிப்பகம் சொன்ன காரணம். வியாபாரமும் அதில் இருந்திருக்கலாம், இருக்கட்டுமே. துணிச்சல் வியாபாரத்தோடு சேர்ந்து வந்தால் வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நாம் யாரும் இல்லை. திருவனந்தபுரத்தில் பிரதிகளை எரித்தார்கள். கடைகளில் விற்றும் தீர்ந்தது.

மறுநாளே, ஆகஸ்ட் 2, உச்ச நீதிமன்றத்தில் விசாரணை. டெல்லியில் வசிக்கும் என். ராதாகிருஷ்ணன் என்பவர் போட்ட மனு. அந்த வரிகள் பெண்களையும் பூசாரிகளையும் அவமதிக்கின்றன, புத்தகத்தைத் தடை செய்ய வேண்டும், இப்படிப்பட்டவை வராமல் இருக்க வழிமுறைகள் வகுக்க வேண்டும் என்பது கோரிக்கை. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, ஏ.எம். கான்வில்கர், டி.ஒய். சந்திரசூட் ஆகிய மூவர் அமர்வு. இந்த மூவருமே சபரிமலை அமர்விலும் இருந்தவர்கள். முந்தின நாள்வரை கோயில் வழக்கைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள்.

இணையம் இருக்கிற காலத்தில் இதற்கெல்லாம் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பானேன் என்ற தொனியில் நீதிபதிகள் அன்றே கேட்டார்கள். ஆனாலும் சர்ச்சையான மூன்று அத்தியாயங்களின் மொழிபெயர்ப்பை ஐந்து நாளில் தரும்படி மாத்ருபூமியிடம் சொன்னார்கள். இந்தக் காட்சி எனக்கு மறக்க முடியாத ஒன்று. குட்டநாட்டுச் சேற்று மலையாளம். அதில் புலையர் பேச்சு, சிரியன் கிறிஸ்தவர் பேச்சு, பழைய அளவைகள், மீன் பெயர், தோட்டின் பெயர் எல்லாம் கலந்து கிடக்கும். அதை ஐந்து நாளில் டெல்லிக்குப் புரிகிற ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நாவலின் முதல் மொழிபெயர்ப்பு வாசகருக்காக இல்லாமல் நீதிபதிகளுக்காகச் செய்யப்பட்டது. நம் இலக்கிய வரலாற்றில் இதையும் குறித்துவைக்க வேண்டும்.

செப்டம்பர் 5-இல் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. எழுதியவர் தீபக் மிஸ்ரா. அவருடைய ஆங்கில நடையைப் பற்றி வக்கீல்கள் கிண்டல் செய்வது உண்டு, அலங்காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆனால் சொன்ன விஷயம் தெளிவு. பாத்திரம் பேசுவது கற்பனையின் பகுதி. ஒரு பத்தியைப் பிய்த்தெடுத்துப் பார்த்து முடிவு கட்டக் கூடாது, நூலை முழுதாகப் படிக்க வேண்டும். புத்தகங்களைத் தடை செய்கிற பழக்கம் வேரூன்றினால் கருத்துகள் உலவ முடியாது. ஓவியனுக்கு வண்ணத்தில் எத்தனை சுதந்திரமோ எழுத்தாளனுக்குச் சொல்லில் அத்தனை சுதந்திரம்.

முழுதாகப் படி என்பது நியாயமான அறிவுரைதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஜூலை மாதத்தில் முழு நாவல் வாசகர் யாரிடமும் இல்லை. மூன்று வாரத்துப் பக்கங்கள் மட்டும்தான் வெளியே இருந்தன. தொடராக வருகிற எழுத்தின் பலவீனம் இது. மேடையில் முதல் காட்சி முடிவதற்குள் கூட்டம் எழுந்துவிட்டது.

நாமக்கல்லை நினைக்காமல் இருக்க முடியவில்லை

தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் பெருமாள்முருகன் ஞாபகம் வரும். ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. ஆங்கிலத்தில் 2013-இல் வந்தது. அதுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. 2014 டிசம்பரில்தான் திருச்செங்கோட்டில் கிளம்பியது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் ‘சமாதானப் பேச்சு’ நடந்து, மன்னிப்பு எழுதி வாங்கி, எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விட்டது. 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து மறுபடி எழுதச் சொல்லும்வரை ஒன்றரை வருடம் போனது.

இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிடலாம், ஆனால் வித்தியாசங்கள்தான் படிக்க வேண்டியவை. நாமக்கல்லில் அரசு இயந்திரமே நடுவராக உட்கார்ந்து எழுத்தாளரைப் பணியவைத்தது. கோட்டயத்தில் அரசு எழுத்தாளர் பக்கம் பேசியது. நாமக்கல்லில் ஒரு ஊர், ஒரு சாதி, ஒரு திருவிழா என்று கோபத்துக்கு முகவரி இருந்தது. கடையடைப்பு நடந்தது, ஆட்கள் தெருவில் நின்றார்கள். ஹரீஷ் விஷயத்தில் நீண்டூர்க்காரர்களா வந்து கேட்டார்கள்? கோபம் பெரும்பாலும் கைபேசி வழியாக, முகம் தெரியாத இடங்களிலிருந்து வந்தது. இன்னும் முக்கியமான வேறுபாடு, கேரளத்தில் எழுத்தாளனுக்குப் பின்னால் ஒரு வாசகப் படையும் பதிப்பகமும் பத்தே நாளில் வந்து நின்றது. இங்கேயும் நின்றார்கள், மறுக்கவில்லை. காலச்சுவடும் எழுத்தாளர் சங்கமும் நீதிமன்றம் வரை போகாவிட்டால் அந்தத் தீர்ப்பே கிடையாது. ஆனால் ஒரு முதலமைச்சர் நாவலாசிரியரைப் பார்த்து ‘எழுதுங்கள்’ என்று சொல்வதை நாம் அப்போது கேட்கவில்லை.

சரி, மாத்ருபூமிக்கு என்ன ஆனது? எதிர்ப்பாளர்கள் இதழைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் கமல்ராம் சஜீவ் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. நாவல் ஜெயித்தது, நாவலைப் போட்டவர் நாற்காலி போயிற்று. வெற்றிக் கதையாகச் சொல்லும்போது பெரும்பாலும் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

ஜெயஸ்ரீ களத்தில்

நான் ‘மீசை’யை முதலில் படித்தது ஜெயஸ்ரீ களத்திலின் ஆங்கிலத்தில். எனக்கு மலையாளம் பேருந்துப் பலகை படிக்கிற அளவுக்கு மேல் கொஞ்சம் வரும், நாவல் படிக்கிற அளவுக்கு வராது. ஆங்கிலப் பதிப்பு 2020 ஜனவரியில் ஹார்ப்பர்காலின்ஸில் வந்தது. அதே நவம்பரில் ஜேசிபி இலக்கியப் பரிசு. எழுத்தாளருக்கு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். மலையாள நாவல் ஒன்றுக்கு அந்தப் பரிசு இரண்டாவது முறை. முதல் வருடம், 2018-இல், பென்யாமினின் ‘மல்லிகைப் பூ நாட்கள்’ வாங்கியிருந்தது. பின்னால் 2023-இல் பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’க்கு ஜனனி கண்ணனின் மொழிபெயர்ப்பில் அதே பரிசு. எழுதாதே என்று விரட்டப்பட்ட இரண்டு பேர் ஒரே பரிசுப் பட்டியலில் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளருக்குத் தனியாகப் பத்து லட்சம் என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தமிழிலிருந்து போகிற நூல்களுக்கு அட்டையில் மொழிபெயர்த்தவர் பெயர் வருவதற்கே மல்லுக்கட்டிய காலம் ஒன்று உண்டு.

விருதுகள் வரிசையாக வந்தன. 2019-ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்ய அகாதமி நாவல் விருது 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பாஜக எதிர்த்தது. 2022-இல் வயலார் விருது. மறுபடியும் அதே எதிர்ப்பு, அதே நாலு வரி. கவிஞர் வயலார் ராமவர்மாவின் நினைவு நாளான அக்டோபர் 27-இல் தருகிற விருது அது. வயலார் இறந்த வருடம் 1975, ஹரீஷ் பிறந்த வருடமும் அதுதான். சும்மா தோன்றியது, சொன்னேன்.

விருதும் தீர்ப்பும் சேர்ந்து நாவலுக்கு ஒரு கெடுதலும் செய்தன. அதைக் குறை சொல்வது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது போல ஆகிவிட்டது. எனக்கு அதில் குறைகள் உண்டு. முதல் நூறு பக்கத்தில் இருக்கிற இறுக்கம் நடுவில் தளர்கிறது. கிளைக்கதை மேல் கிளைக்கதை. தோட்டு வழியே போகிற தோணி போல வளைந்து போவதுதான் இதன் வடிவம் என்று வாதிடலாம், சில வளைவுகளில் தோணி தரைதட்டி நின்றது என்பது என் அனுபவம். அடுத்தது பெண்கள். சீதை என்ற பெண்ணைத் தேடி வாவச்சன் அலைகிறான், பக்கம் பக்கமாக அலைகிறான். ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்ததில் வன்முறை இருக்கிறது. அந்த வன்முறையைச் சீதையின் பக்கத்திலிருந்து பார்க்கிற கண் நாவலில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆண்களின் உலகத்தை ஆண்கள் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன் என்பது ஹரீஷின் வழி. அது நேர்மைதான். ஆனால் மீசை எல்லோருக்கும் பயமுறுத்துகிற ஒன்றாக இருக்கும்போது அதைப் பார்த்து ஒரு பெண் என்ன நினைத்தாள் என்பதும் அந்தக் கதையில்தானே இருக்க வேண்டும். காலை நடைப் பேச்சை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அது இலக்கியச் சர்ச்சையாக இருந்திருக்கும்.

மஞ்சநாயக்கன்பட்டியில்

நாவலுக்குப் பிறகும் ஹரீஷ் நிற்கவில்லை. லிஜோவின் ‘சுருளி’க்குத் திரைக்கதை எழுதினார். வினோய் தாமஸின் கதையிலிருந்து எடுத்த படம், அதன் கெட்ட வார்த்தைகளுக்காக அதுவும் நீதிமன்றம் வரை போனது. 2022-இல் ‘ஆகஸ்ட் 17’ நாவல் வந்தது. திருவிதாங்கூர் இந்தியாவோடு சேராமல் தனி நாடாகவே போயிருந்தால் என்ற கற்பனை. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் 1947-இல் மெய்யாகவே அதற்கு முயன்றவர் என்பதால் கற்பனை ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

நமக்கு அவர் மிக நெருக்கமாக வந்தது ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தில். கதை லிஜோ, திரைக்கதை ஹரீஷ். பழனிப் பக்கம் மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்தார்கள். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு மலையாளிகள் சிலர் வண்டியில் திரும்பி வருகிறார்கள். அதில் ஒருவன் ஜேம்ஸ், மம்மூட்டி. தமிழ்ச் சாப்பாடு பிடிக்காது, தமிழ்ப் பாட்டைக் கேட்டால் எரிச்சல். எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறான், சோளக்கொல்லை வழியே ஊருக்குள் நடக்கிறான், ஒரு வீட்டுக்குள் போகிறான், மாட்டுக்குத் தீனி வைக்கிறான். இரண்டு வருடம் முன்னால் காணாமல் போன சுந்தரம் என்பவனாகவே ஆகிவிடுகிறான். நம் ஊர்த் தமிழில் பேசுகிறான். வீட்டில் டிவியில் பழைய படம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சுந்தரத்தின் மனைவி, மகள், தகப்பன் எல்லோரும் திகைத்து நிற்கிறார்கள். வண்டியில் வந்தவர்கள் கெஞ்சுகிறார்கள். ஊர்க்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வருகிற கோபம் அடிதடியாக மாறுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது, ஆனாலும் அடிக்கவில்லை. பொறுத்துப் பார்க்கிறார்கள். யாரோ ஒருவன் நம் வீட்டு ஆள் மாதிரி நடந்துகொள்கிறான், என்ன செய்வது என்று பேசிப் பேசியே அந்தப் பகலும் இரவும் கழிகிறது. ‘ஜல்லிக்கட்டு’ கூட்டத்தை எழுதிய அதே கை, ‘மீசை’க்கு வந்த கூட்டத்தைக் கைபேசியில் பார்த்த அதே ஆள், நான்கு வருடம் கழித்து இந்த ஊரை எழுதியிருக்கிறார்.

ஜேம்ஸ் யார் தெரியுமா? நாடகக் கம்பெனி நடத்துகிறவன். உடன் வந்தவர்கள் அவனுடைய நாடகக்காரர்கள். வாவச்சனை மாற்றியதும் நாடகம்தான். ஹரீஷ் இதை வேண்டுமென்றே வைத்தாரா, லிஜோவின் கதையிலேயே இருந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. மறுநாள் மதியம் சுந்தரம் மறுபடி தூங்கி எழுந்திருக்கும்போது ஜேம்ஸாக இருக்கிறான். கூட வண்டியில் வந்த தன் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடக்கிறான். ஊர் நின்று பார்க்கிறது. யாரும் அவனிடம் எந்த வேடத்தையும் கலைக்கச் சொல்லவில்லை.